என் வரிப்பணம் என்று சொல்பவர்களுக்கு

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். காஞ்சிபுரத்தில் முதல்வர் ஸ்டாலின் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு. ஏனாத்தூரிலிருந்து சித்தி போன் செய்து, "பணம் வந்துடுச்சிப்பா, மெசேஜ் வந்திருக்கு" என்றார். என் அம்மாவுக்கு வராது. நான் வருமான வரி கட்டுபவன். எங்கள் இருவருக்கும் ஒரே ரேஷன் கார்டு. அது நியாயம்தான்.

அன்று மாலை அலுவலக நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார்: "நம்ம வரிப்பணத்துல ஓசி. நாடு எப்படிடா உருப்படும்?" கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் நீளமாக ஒரு பதில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன். அன்று அனுப்பாத பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 'நம்ம வரிப்பணம்' என்பதைப் பார்ப்போம். ஐடி ஊழியன் கட்டும் வருமான வரி சென்னைக்குப் போவதில்லை, டெல்லிக்குப் போகிறது. செஸ், சர்சார்ஜ் எல்லாம் கழித்தபின் மிஞ்சும் பகிர்வுத் தொகையில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. அதில் பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்குத் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பாருங்கள். அந்தப் பொதுக் குடத்தில் விழுந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் வரிப் பங்காகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது சுமார் 1 ரூபாய் 67 காசு. மாநில அரசின் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி ஜிஎஸ்டி, பெட்ரோல் வரி, பத்திரப் பதிவு, சாராயம் வழியாக வருவது. சோப்பு வாங்கும்போது சித்தியும் அதைக் கட்டுகிறார். பட்டு நூலுக்கு 5 சதவீதம், நெய்த சேலைக்கு 5 சதவீதம். ஆகவே அந்த ஆயிரத்துக்கு அவரும் வரி கட்டியிருக்கிறார். இதில் ஓசி எங்கே வந்தது?

சரி, யார் பணமாக இருந்தாலும் அதை ரோடு போடச் செலவழித்தால் வளர்ச்சி வருமே, கையில் கொடுத்தால் என்ன வரும் என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. இதற்கு நம் நாட்டு ஆய்வே இருக்கிறது. டெல்லியிலுள்ள தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தைச் சேர்ந்த சுக்கன்யா போஸும் பானுமூர்த்தியும் 2013இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அரசு ஒரு ரூபாயை மூலதனச் செலவாகச் செய்தால் நாட்டின் உற்பத்தி சுமார் 2.45 ரூபாய் உயரும். மக்கள் கையில் கொடுத்தால் சுமார் 0.98 ரூபாய். என் நண்பர்கள் இதைப் படித்திருந்தால் குழுவில் கொண்டாடியிருப்பார்கள்.

நான் இந்தக் கணக்கை மறுக்கவில்லை. பொருளாதாரம் படுத்திருக்கும்போது அரசு ரோடு போட்டால் சிமென்ட், லாரி, கூலி என்று பணம் சுற்றும். ரோடு போட்டபின் அதை நம்பித் தொழிற்சாலை வரும். இருங்காட்டுக்கோட்டையில் சிப்காட் நிலமும் சாலையும் மின்சாரமும் இல்லாமல் ஹுண்டாய் வந்திருக்காது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விடிகாலையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்கள் எல்லாம் அந்தச் செலவின் பலன்.

நான் மறுப்பது இதை வைத்து எடுக்கும் முடிவை. 'மூலதனம்', 'வருவாய்' என்பவை கணக்காளர் ஒட்டும் லேபிள்கள். எவரும் போகாத இடத்தில் ஒரு கட்டடம் கட்டினால் அது மூலதனச் செலவு. அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் வருவாய்ச் செலவு. 1956இல் காமராஜர் தொடங்கி, 1982 ஜூலையில் எம்ஜிஆர் விரிவாக்கிய மதிய உணவும் வருவாய்ச் செலவுதான். சாப்பிட்ட சோறு மறுநாள் இருக்காது, சொத்துப் பதிவேட்டில் ஏறாது. ஆனால் சாப்பிட்ட பிள்ளை இருக்கும். 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்களில் பலர் சத்துணவுத் தட்டோடு பள்ளிக்குப் போனவர்கள். ரோடு மட்டும் போட்டு, இவர்களைப் படிக்க வைக்காமல் விட்டிருந்தால் பஸ் காலியாகத்தான் போயிருக்கும். பாவு மட்டும் பூட்டி, ஊடை இல்லாமல் எந்தத் தறியிலும் சேலை விழாது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் பொறியியல் சேர்ந்தேன், வீட்டில் முதல் பட்டதாரி. அந்த ஆண்டுதான் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது: வருடத்துக்கு 20,000 ரூபாய், நான்கு வருடத்தில் 80,000. அப்பா தறியில் உட்கார்ந்து சம்பாதித்த கூலியில் அந்த எண்பதாயிரம் வந்திருக்காது. வட்டிக்கு வாங்கியிருப்போம், அல்லது நானும் தறிக்குழியில் இறங்கியிருப்பேன். அரசுக் கணக்கில் அதுவும் வருவாய்ச் செலவு, அதாவது 'தின்று தீர்த்தது'. இன்று நான் ஒரே வருடத்தில் கட்டும் வரி அதைவிட அதிகம். சில காலாண்டுகளுக்குள் நடப்பதை மட்டும் அளக்கும் பெருக்கிக்கு இது தெரியாது. அந்தக் குழுவில் கட்டைவிரல் காட்டியவர்களில் குறைந்தது மூன்று பேர் இதே சலுகையில் படித்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

இப்போது பெரிய ஓசிக்கு வருவோம். 2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார். அரசு சொன்ன கணக்குப்படியே ஆண்டு வருவாய் இழப்பு 1.45 லட்சம் கோடி. உரிமைத் தொகையில் ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்கு வருடம் பன்னிரண்டாயிரம் என்றால் 12,720 கோடி. அந்த ஒரு வருட இழப்பை வைத்து உரிமைத் தொகையைப் பதினொரு வருடம் கொடுக்கலாம். அதே அரசின் பிரதமர் 2022 ஜூலையில் 'ரேவடி கலாச்சாரம்' நாட்டுக்கு ஆபத்து என்று எச்சரித்தார். கம்பெனிக்குக் கொடுத்தால் ஊக்கம், சித்திக்குக் கொடுத்தால் மிட்டாய்!

கடன் பூச்சாண்டி காட்டுபவர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒரு கதை. ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்றார்கள். பல நாடுகளின் செலவுக் குறைப்புக்கு அது வேதமானது. 2013இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி எடுக்கும் இடத்தில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. இதையும் வேறு சில பிழைகளையும் திருத்தியபோது, மைனஸ் 0.1 சதவீதம் என்று சொல்லப்பட்ட வளர்ச்சி 2.2 சதவீதம் ஆனது. நாங்கள் இப்படி ஒரு பக் விட்டால் ராத்திரியே போன் வரும்.

இதனால் கடன் விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. என் பக்கத்து ஆட்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. எந்த இலவசத்தைத் தொட்டாலும் 'சமூகநீதி' என்று எழுந்து நிற்பவர்களே, உங்களுக்கும் ஒரு கணக்கு. 2021 ஆகஸ்டில் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னது. 2013-14 முதல் தமிழ்நாட்டுக்கு வருவாய்ப் பற்றாக்குறை. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறோம் என்று அர்த்தம். அந்தக் கடனுக்கு வட்டி கட்டும் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டியது. ஒரு கையால் ஆயிரம் கொடுத்து, மறு கையால் டாஸ்மாக்கில் அதைத் திருப்பி வாங்கும் அரசைப் புகழ என்னால் முடியாது.

காஞ்சிபுரத்துக்காரர் அண்ணாவுக்கே இந்தச் சங்கடம் இருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். ஆட்சிக்கு வந்தபின் கஜானா இடம் கொடுக்கவில்லை. ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கினார். சொன்னதை முழுதாகச் செய்ய முடியவில்லை. கஜானா தாங்கும் அளவுக்கு மேல் போகவும் இல்லை. இன்று தேர்தல் அறிக்கை எழுதுபவர்கள் அந்த முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே நான் கேட்பது இலவசமா வளர்ச்சியா என்ற பட்டிமன்றத்தை அல்ல. ஒவ்வொரு செலவும் பத்து வருடம் கழித்து எதை விட்டுப்போகும் என்று கேளுங்கள். ரோட்டையும் அப்படிக் கேளுங்கள், வரிச் சலுகையையும் அப்படிக் கேளுங்கள், ஆயிரம் ரூபாயையும் கேளுங்கள். கைத்தறிக்கு இத்தனை வருடம் தள்ளுபடிப் பணம் போனதே, நெசவாளிக்கு என்ன மிஞ்சியது என்றும் கேளுங்கள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் நெசவுக் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதித்தன. அடுத்த ஆண்டே, 2020 ஜூலையில், மத்திய அரசு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது.

அந்தக் கணக்கெடுப்பு சொல்லும் வீடுகளில் ஒன்று சித்தியுடையது. முதல் இரண்டு மாத உரிமைத் தொகையில் அவர் மூக்குக் கண்ணாடி வாங்கினார். கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். சித்தப்பா நெய்ய, கரைப் பக்கத்து நாடாவைச் சித்தி தள்ளுவார். கண் மங்கியதால் இரண்டு வருடமாக அதை விட்டுவிட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கோர்வை இல்லாததால் சித்தப்பா கூலி குறைந்த சாதா சேலைதான் நெய்தார். கண்ணாடி வந்தபின் மறுபடி கோர்வைப் பாவு வாங்கினார்கள். கோர்வைக்குக் கூலி அதிகம்.

அந்தக் கண்ணாடி அரசுக் கணக்கில் வருவாய்ச் செலவு. அந்த வீட்டில் அதற்கு என்ன பெயர்?

அந்த வாட்ஸப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். இந்தக் கட்டுரை வெளியானதும் இதன் சுட்டியை அங்கேதான் முதலில் போடுவேன். கணக்கில் தப்பிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.