நாலு டயருக்கும் ஒரே மூச்சு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரையோரம் இருக்கும் கேகாரி, உலகின் மிகப் பெரிய மணல் தீவு. 2023 வரை அதன் பெயர் ஃப்ரேசர் தீவு. கிழக்குக் கடற்கரைதான் அங்கே நெடுஞ்சாலை. வேக வரம்புகூட உண்டு, மணிக்கு 80 கிலோமீட்டர். அங்கே போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் மணலில் ஏறுமுன் செய்யும் முதல் வேலை, டயர் காற்றை இறக்குவது.

காரணம் எளிய கணக்கு. இரண்டு டன் வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 500 கிலோ, அதாவது 1,100 பவுண்டு. டயரில் 35 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம் இருந்தால் அந்தப் பாரத்தைத் தாங்க ஏறக்குறைய 31 சதுர அங்குலம் தரையில் பட்டால் போதும். 18-க்கு இறக்கினால் 61 சதுர அங்குலம் பட வேண்டியிருக்கும். டயர் நீளவாக்கில் படிந்து, மணலைத் தோண்டாமல் மேலேயே ஓடும்.

இறக்குவது சுலபம். ஊர் திரும்பும்போது மறுபடி ஏற்றுவதுதான் தண்டனை. ஒவ்வொரு சக்கரத்தருகிலும் மண்டியிட்டு, மூடியைக் கழற்றி, கம்ப்ரஸர் இரையக் காத்திருந்து, அளந்து, அடுத்ததற்கு நகர வேண்டும். பசியும் களைப்பும் சேர்ந்தால் ‘அடுத்த பெட்ரோல் பங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்பிவிடுகிறவர்கள் ஏராளம். ஆபத்து மணலில் இல்லை, இந்தச் சோம்பலில் இருக்கிறது. காற்று குறைந்த டயர் தார்ச்சாலையில் வேகமாக ஓடினால் அதன் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறும். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோது, டயரின் தரத்தோடு சேர்ந்து, அவற்றில் பல பொருத்தப்பட்டிருந்த ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்ட 26 பி.எஸ்.ஐ. போதுமா என்ற கேள்வியும் பெரிதாக எழுந்தது. டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி அங்கே புதிய கார்களில் கட்டாயமானது அந்த விவகாரத்துக்குப் பிறகுதான்.

ஆகவே நான்கு டயருக்கும் ஒரே நேரத்தில் காற்று பிடிக்கும் கருவியை வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களைப் பொழுதுபோக்குப் பித்தர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. யோசனையும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையேறிய டக் என்னும் நீர்-நில லாரியில், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. சுழலும் சக்கரத்துக்குள் காற்றைக் கொண்டுபோகும் அந்த வேலைப்பாடு வீட்டுப் பட்டறைக்குக் கடினம். நிற்கும் வண்டிக்குச் செய்வதோ எளிது: நான்கு ஹோஸ், அவற்றைச் சேர்க்கும் பித்தளை இணைப்புகள், முனையில் வால்வைக் கவ்வும் கிளிப்புகள், ஒரு கேஜ், காற்றை வெளியேற்ற ஒரு பால் வால்வு. எல்லாம் கடையில் கிடைக்கும் சாமான்கள். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை மட்டும் வெட்டி மாட்டக் கூடாது. காற்றழுத்தத்துக்கென்றே விற்கும் ஹோஸ் வேண்டும்.

நான்கு குழாய் போட்டால் நான்கு மடங்கு சீக்கிரம் நிரம்பும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். கம்ப்ரஸர் அதேதான், தள்ள வேண்டிய காற்றும் அதேதான். மிச்சமாவது நடையும் குனிவும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு டயராக மாற்றும்போது சின்ன கம்ப்ரஸருக்குக் கிடைத்துவந்த ஓய்வு இப்போது பறிபோகிறது. ஒரே மூச்சில் இரைந்து, கொதித்து, நின்றுவிடும். நிறுத்தாமல் ஓடக்கூடிய கம்ப்ரஸர் இல்லாதவர்கள் ஹோஸ் வாங்கும் பணத்தை முதலில் அதில் போடலாம்.

குழாய்கள் ஒன்றாக இணைந்திருப்பதால், அழுத்தம் கூடிய டயரிலிருந்து குறைந்ததற்குக் காற்று ஓடி நான்கும் சமமாகும். பலர் இதையே பெரிய வரமாகச் சொல்கிறார்கள். ஆனால் பின்பக்கம் கூடாரமும் தண்ணீர்க் கேனும் ஏற்றிய வண்டிக்கு நான்கும் சமம் என்பது சரியான அழுத்தமாகாது. முன்னிரண்டையும் பின்னிரண்டையும் பிரிக்க நடுவே இன்னொரு பால் வால்வு போட்டால் தீர்ந்தது. கேஜையும் காற்று ஓடும்போது நம்பக் கூடாது: ஏற்றும்போது கூட்டியும் இறக்கும்போது குறைத்தும் காட்டும். ஓட்டத்தை நிறுத்தி, முள் அசையாமல் நின்ற பிறகு படிக்க வேண்டும்.

ஹோஸ்களைக் கழற்றாமலே வண்டியை எடுத்து வால்வைப் பிய்த்துக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. காற்று ஏறி முடியும்வரை வண்டிச் சாவியை அந்த கேஜிலேயே மாட்டி வைத்தால் போதும்.