லேப்டாப் வந்தாச்சு... அதை எங்கே வைக்கிறது?

இன்ஸ்டாகிராமில் 'டெஸ்க் செட்டப்' என்று தேடிப் பாருங்க. வெள்ளை மேஜை, இரண்டு மானிட்டர், ஓரமாக ஒரு மணி பிளான்ட், பின்னால் ஊதா நிற எல்இடி. பார்க்க நல்லாத்தான் இருக்கு. வியாசர்பாடியில் ஒற்றை பெட்ரூம் வாடகை வீட்டில் நாலு பேரோடு இருக்கும் பி.காம் மாணவிக்கு ஹாலில் கிடக்கும் கட்டில்தான் டெஸ்க். மடியில் தலையணை, அதன் மேல் லேப்டாப், எதிரே சீரியல்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் அதை வைக்க வேண்டிய இரண்டடி இடம் பற்றி யாரும் பேசுவதில்லை. 2015-ல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம், நலிந்த பிரிவினருக்கான வீட்டின் கார்பெட் ஏரியாவை 30 சதுர மீட்டர் என வரையறுத்தது. சுமார் 320 சதுர அடி. ஹால், கிச்சன், கழிப்பறை எல்லாமே அதற்குள். கட்டும்போதே ஜன்னலை ஒட்டி ஒரு கல் பலகை, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைத்தால் பெரிதாக என்ன செலவாகிவிடும்? சமையலுக்கு மேடை போடுகிறோம். படிப்புக்குப் போடத் தோணவே இல்லை.

சரி, இருக்கிற வீட்டில் என்ன செய்யலாம்?

லேப்டாப்பில் ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதுதான் சிக்கல். கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் வலிக்கும். நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி அதன் மேல் லேப்டாப்பை வைத்து, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் மாட்டினால் பாதிப் பிரச்னை தீரும். கேமிங் சேரெல்லாம் அப்புறம். தரையில் உட்காருவதும் தப்பில்லை, பழைய கடைகளில் கணக்குப்பிள்ளைகள் சாய்வு மேஜை போட்டு அப்படித்தான் எழுதினார்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, முன்னால் ஒரு மடக்கு மேஜை. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆன்லைன் இன்டர்வியூவில் முகம் இருட்டாகத்தான் தெரியும்.

இதையெல்லாம்விட பெரிய பிரச்னை ஒன்று இருக்கு. மகன் லேப்டாப்பைத் திறந்தால் டிவி சவுண்டு குறையும். மகள் திறந்தால், "சும்மாதானே உட்கார்ந்திருக்க, பாலைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று குரல் வரும். எந்த மேஜையும் இதைச் சரிசெய்யாது. தினமும் இரண்டு மணி நேரம் அந்த மூலை அவளுக்கு என்று வீட்டில் பேசி முடிவு செய்தாகணும்.

வீட்டில் வழியே இல்லாதவர்களுக்காக, கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் மாதிரியான பொது இடங்கள் வார்டுக்கு ஒன்று வேண்டும். ஏன் வார்டுக்கு ஒன்று? கொளத்தூரில் படித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வியாசர்பாடிக்குத் தனியாகத் திரும்ப எத்தனை வீட்டில் விடுவாங்க?