கழற்றும் முன் காது கொடுங்கள்

நாசிக் மாவட்டத்தில் அக்டோபர் கவாத்து முடிந்து, திராட்சைக் கொடிகள் துளிர்விடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் விவசாயிக்குத் தூக்கம் போய்விடும். அடிச்சாம்பல் நோய் இலையில் இறங்குவதற்குள் மருந்து அடித்தாக வேண்டும். தெளிப்பானை இழுப்பது, கொடி வரிசைகளுக்கு நடுவே நுழையக்கூடிய சின்ன டிராக்டர். 18.5 குதிரைத்திறன் மிட்சுபிஷி சக்தி போன்ற இந்த வண்டிகளில் பல, வருடக் கணக்கில் உழைத்துக் களைத்தவை. அவசரமான அந்த நாளில்தான் பின்பக்கத்திலிருந்து 'கடகட'வென்று ஒரு சத்தம் கிளம்பும்.

"கியர் பெட்டி போச்சு, பிரிச்சுப் பார்த்திடலாம்." பட்டறையில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். ஆனால் பிரிப்பது லேசான காரியம் அல்ல. லாரிக்கு இருப்பது போன்ற தனி சேஸிஸ் பெரும்பாலான டிராக்டர்களுக்குக் கிடையாது. இன்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் இரும்புக் கூடுகளை வரிசையாக போல்ட் போட்டு முடுக்கியதுதான் வண்டியின் உடம்பு. கிளட்ச்சில் ஒரு சின்ன பேரிங்கை மாற்றவும் வண்டியை நடுவில் இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்த வண்டி மருந்து அடிக்காது, நோயும் காத்திருக்காது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இரும்புக் கூடு சத்தத்தை எங்கும் கடத்தும்; முன்னால் எழுவது பின்னால் கேட்கும். எனவே தேர்ந்த மெக்கானிக் 'எங்கே' என்பதற்கு முன் 'எப்போது' என்று கேட்கிறார்.

நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம், கிளட்ச்சை மிதித்ததும் மறைந்தால் கியர் பெட்டியின் முன் தண்டு பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்ததும் எழுந்தால் கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்தக் கியரின் பற்கள். எந்தக் கியரில் போனாலும், வண்டி ஓடும் வேகத்தோடு ஏறி இறங்கினால் கோளாறு பின் அச்சுப் பக்கம். லிஃப்ட் தூக்கும்போது மட்டும் முனகினால் ஹைட்ராலிக் பம்ப். பல டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். அளவு குறைந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ பம்ப் அலறும். பழி கியர் மேல் விழும்.

திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்தால்? டிஃபரன்ஷியல் என்பது பாடம். நேராகப் போகும்போது அதன் உள் பற்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று உருளுவதில்லை. திரும்பும்போதுதான் அவற்றுக்கு வேலை. ஆனால் திராட்சைத் தோட்டத்தில் இந்தப் பாடமே ஆளை ஏமாற்றிவிடும். வரிசை முடிவில் வண்டி ஒடித்துத் திரும்பும்போது, பின்னால் இழுபடும் தெளிப்பானுக்கு விசை கொடுக்கும் பி.டி.ஓ. தண்டும் மடங்குகிறது. மடிப்பு அதிகமானால், தேய்ந்துபோன கிராஸ் கடகடக்கும். சந்தேகம் தீர ஸ்பானர் வேண்டாம். பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டு அதே இடத்தில், அதே வேகத்தில் ஒருமுறை திரும்பினால் போதும். சத்தம் போய்விட்டால் முதல் குற்றவாளி தண்டுதான். அப்போதும் கேட்டால் டிஃபரன்ஷியலைப் பார்க்கலாம்.

தண்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கோணத்தில் இயங்கும் கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்து, நடுத்தண்டின் இரண்டு ஃபோர்க்குகளும் ஒரே வாக்கில் நின்றால், ஒன்றின் ஆட்டத்தை மற்றது சரிக்கட்டிவிடும். கிரீஸ் வைக்கக் கழற்றியவர் வாக்கு மாற்றிக் கோத்துவிட்டால், புதுத் தண்டும் அதிரும். மீண்டும் கழற்றி நேராகக் கோப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. திருப்பத்தில் பி.டி.ஓ.வை நிறுத்திப் பழகினால் கிராஸின் ஆயுளும் கூடும்.

ஆனால் சுழலும் தண்டருகே காதைக் கொண்டுபோகக் கூடாது. பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு 9. வேட்டி நுனியோ முந்தானையோ சிக்கினால், கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, தண்டு நின்ற பிறகே கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் உறை இல்லாத தண்டை மாட்டவே கூடாது.

கடைசிச் சாட்சி எண்ணெய். அதை வடித்து ஒரு காந்தத்தை விட்டால், சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டுவது வழக்கமான தேய்மானம். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரும்புச் செதில்களோ உடைந்த பல்லோ வந்தால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உடைந்த பல் மற்ற சக்கரங்களுக்கிடையே மாட்டினால் கூடே விரிசல் விடும். அப்போது பிளப்பது வீண் செலவு அல்ல, அவசியம். காந்தம் சுத்தமாக வந்தால், பிளப்பதற்கு முன் இன்னொரு முறை ஓட்டிக் கேட்கலாம்.