விற்ற பிறகும் பூட்டா?

“யானையை விற்றவன் அங்குசத்திற்கு வழக்காடலாமா?” என்று நம் பெரியோர் கேட்பர். அப்பழமொழியின் பொருள் சென்ற கோடை விடுமுறையில்தான் எனக்கு நன்கு விளங்கியது.

அமெரிக்காவில் பணிபுரியும் என் தாய்மாமா ஊருக்கு வந்தபோது, தாம் பயன்படுத்திய கைப்பேசியைப் பாட்டிக்குக் கொடுத்துச் சென்றார். இனி மகனின் முகத்தை நாள்தோறும் பார்க்கலாம் என்று பாட்டிக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் நம் ஊர் சிம் அட்டையைப் போட்டதும், அது செல்லாது என்று திரையில் அறிவிப்பு வந்தது. பாட்டியின் முகம் வாடிவிட்டது.

தோழியரே, இது நாம் விரல் வைத்துத் திறக்கும் பூட்டு அன்று. கைப்பேசியை விற்ற தொலைபேசி நிறுவனம், வேறு நிறுவனத்தின் சிம் இயங்காதபடி உள்ளே இட்டு வைத்த பூட்டு.

இதற்கும் ஒரு நியாயம் உண்டு. விலையுயர்ந்த பொருளைத் தவணையில் கொடுப்பவர், பணம் முழுவதும் வந்து சேரும்வரை பிணை கேட்பது தவறன்று. ஆனால் என் மாமா கடைசித் தவணையைச் செலுத்தி ஓராண்டு ஆகியிருந்தது! கடன் தீர்ந்தது; பூட்டு மட்டும் நீங்கவில்லை. ஏன் என்று மாமா கேட்டதற்கு, “தாங்கள் விண்ணப்பிக்கவில்லையே” என்று நிறுவனத்தார் பதில் கூறினராம். அடகுக் கடைக்காரர்கூடக் கடன் தீர்ந்ததும் நகையைக் கையில் கொடுத்துவிடுகிறாரே!

கடைத்தெருவில் ஒருவர் 1,500 ரூபாய்க்குப் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொன்னார். “நம் பொருளை நாமே திருட்டுத்தனமாகத் திறப்பதா?” என்று அப்பா மறுத்துவிட்டார். கணக்கு மாமாவின் பெயரில் இருந்ததால் அவரே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. *#06# என்று அழுத்தினேன். கைப்பேசியின் 15 இலக்க அடையாள எண் தோன்றியது. அதை மாமாவுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் பூட்டு நீங்கியது. மாமாவின் முகத்தைக் கண்டதும் பாட்டி, “சாப்பிட்டாயா, ராசா?” என்றுதான் முதலில் கேட்டார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் 2013 ஜனவரி 26 முதல், புதிதாக வாங்கிய கைப்பேசியின் பூட்டை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறானது என்றாயிற்று. நூலையும் இசையையும் காக்க வந்த சட்டம் கைப்பேசிப் பூட்டுக்குக் காவல் நின்றது விந்தையன்றோ! அதை எதிர்த்து 1,14,000-க்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு விண்ணப்பித்தனர். 2014 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் அத்தடையை நீக்கியது. ஆயினும் நிறுவனங்கள் தாமாகவே பூட்டை நீக்க வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. கனடாவோ 2017 டிசம்பர் 1 முதல் பூட்டில்லாமலே விற்க வேண்டும் என்று விதித்தது. பிரிட்டனும் 2021 டிசம்பரில் பூட்டிய கைப்பேசி விற்பனைக்குத் தடை போட்டது.

கடன் தீர்ந்த அன்றே பூட்டும் தானாகத் திறக்க வேண்டும் என்பதே என் கருத்து. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைப்பது சலுகையேயன்றி உரிமை ஆகாது. கேட்கத் தெரியாத பாட்டிமார் எத்தனை பேரோ! அந்த நாள் வரும்வரை, தோழியரே, வெளிநாட்டு உறவினர் கைப்பேசி கொண்டுவந்தால், விமானம் ஏறுமுன்பே பூட்டை நீக்கிவரச் சொல்லுங்கள்.

யானையை விற்றாயிற்று, அங்குசத்தையும் கொடுத்துவிடுவதே அறம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி