கொச்சிக் காலும் உலர்ந்த துணியும்

ஓர் ஊரின் பெயர் உலகில் பரவுவதற்கு வழிகள் பல உண்டு. மட்டாஞ்சேரியின் பெயரை மிளகும் சுக்கும் கடல் கடந்து கொண்டு சென்றன. 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயமும், டச்சு அரண்மனை என வழங்கும் மாளிகையும் அதற்கு மேலும் புகழ் சேர்த்தன. ஆயினும், கொச்சித் துறையில் இறங்கிய ஐரோப்பியர் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்ற சொற்களுள் ஊருக்குப் பெருமை தராத சொல் ஒன்றும் இருந்தது. யானைக்கால் நோயை அவர்கள் ‘கொச்சிக் கால்’ என்றே குறித்தனர்.

இந்நோய்க்கு அக்காலத்தில் கூறப்பட்ட காரணங்கள் இன்று வியப்பளிக்கின்றன. 1596இல் வெளியான தம் பயண நூலில் லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர், புனித தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததியார் மீது விழுந்த சாபமே இது என்னும் வழக்கைப் பதிவு செய்தார். 1727இல் நூல் வெளியிட்ட அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்னும் கப்பல் தலைவர் சாபத்தை விட்டுவிட்டுக் கொச்சியின் கிணற்று நீரின் மீது பழியைச் சுமத்தினார். வசதி படைத்தவர்கள் உள்நாட்டு ஆற்று நீரைப் படகுகளில் வரவழைத்துப் பருகினர். பருகும் நீருக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்பது இன்று தெளிவு. எனினும், தேங்கிய நீரில் பிறக்கும் கொசுவே இந்நோயைச் சுமந்து வருவதால், நீரைச் சந்தேகித்தவர்கள் உண்மைக்கு வெகு தொலைவில் இருந்தனர் என்றும் கூறுவதற்கில்லை. 1872இல் கல்கத்தாவில் திமொத்தி லூயிஸ் நோயாளியின் இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்ஸன் அப்புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். அத்துடன் சாபத்தின் கதை முடிந்தது.

மலையாள நாட்டில் இந்நோய்க்கு ‘மந்து’ என்று பெயர். நாறாணத்துப் பிராந்தனின் கதையை அந்நாட்டில் அறியாதவர் இலர். மந்துக் கால் கொண்ட அவன் முன் பகவதி தோன்றி வரம் கேட்குமாறு வற்புறுத்தியபோது, ஒரு காலிலிருக்கும் மந்தை மறு காலுக்கு மாற்றித் தருமாறு கேட்டானாம். வரத்தின் பயனின்மையை எள்ளி நகையாடும் கதை இது. மந்து தீராது என்னும் மக்களின் உறுதியான எண்ணமும் அதனுள் பொதிந்து கிடக்கிறது. வீங்கிய காலுடன் சுகாதார நிலையத்துக்கு வரும் முதியவர் இன்றும் இவ்வெண்ணத்துடனேயே வருகிறார். வருந்தத்தக்கது என்னவெனில், அவருக்கு மருந்து எழுதித் தருபவரும் பல வேளைகளில் அதே எண்ணத்துடன் இருப்பதுதான்.

அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய்தல் வேண்டும்.

வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை உயிர்வாழக் கூடியவை. அவற்றால் குழாய்கள் விரிந்து தளர்கின்றன. காலிலிருந்து மேலே செல்ல வேண்டிய நிணநீர் தங்கி விடுகிறது. இது தொடக்கம் மட்டுமே. அந்தக் கால் ஆண்டுதோறும் பருத்து, தோல் தடித்து, மடிப்பு விழுந்து, யானையின் காலைப் போல் ஆவதற்குப் புழுவை மட்டும் குற்றம் சாட்டினால் போதாது. விரலிடுக்கில் உண்டாகும் சேற்றுப்புண், குதிகாலில் காணும் பித்தவெடிப்பு, நகத்தோரக் கீறல் ஆகிய சிறு வாயில்கள் வழியே பாக்டீரியாக் கிருமிகள் உள்ளே நுழைகின்றன. நிணநீர் ஓட்டம் தளர்ந்த காலில் அவற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. உடனே குளிரும் காய்ச்சலும் வருகின்றன. தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. கால் சிவந்து எரிகிறது. சில நாட்களில் காய்ச்சல் தணிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வீக்கம் முன்னிருந்ததைவிடச் சற்று மிகுதியாகவே நின்று விடுகிறது. கூலி வேலை செய்பவருக்கு அச்சில நாட்களின் வருமானமும் போய்விடுகிறது.

நெடுங்காலம் வரை இந்தக் காய்ச்சலுக்கும் புழுவே காரணம் எனக் கருதி, ஒவ்வொரு முறையும் புழுவைக் கொல்லும் டி.ஈ.சி. மாத்திரைகளே தரப்பட்டன. இக்கருத்தை மாற்றிய ஆராய்ச்சிகளுள் முக்கியமான ஒன்று, கொச்சிக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலுள்ள ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது. டாக்டர் ஆர்.கே. ஷேணாய், டாக்டர் டி.கே. சுமா, டாக்டர் வி. குமாரசாமி ஆகியோரின் குழுவினர் பெனிசிலின், டி.ஈ.சி., கால் பராமரிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டனர். கால் பராமரிப்பு காய்ச்சலின் எண்ணிக்கையைக் குறைத்தது. முற்றிய நிலையிலிருந்த கால்களுக்குக் கிருமிக்கொல்லி மருந்தும் துணை செய்தது. டி.ஈ.சி.க்கு இவ்விஷயத்தில் குறிப்பிடத்தக்க பங்கு காணப்படவில்லை. ஆலப்புழைப் பகுதியில் காணும் புழு ஒரு வகை. கொச்சி நகரில் சாக்கடைக் கொசு பரப்பும் புழு வேறு வகை. எனினும் விரலிடுக்கின் புண்ணுக்கு இவ்வேறுபாடு தெரியாது.

2002இல் அதே குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு களப்பணியாளர் கவனத்துக்கு இன்னும் உரியது. பயிற்சி பெற்ற நோயாளிகள், மேற்பார்வை நின்ற பின்னர் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதை அது ஆராய்ந்தது. பெரும்பாலோர் தாமாகவே காலைப் பராமரித்து வந்தனர், காய்ச்சல் குறைந்திருந்தது. ‘நம் மக்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது’ என அலுத்துக்கொள்ளும் ஊழியர்கள் இச்செய்தியைச் சற்று நினைவில் வைப்பது நலம்.

பராமரிப்பு என்பது எளிய காரியம். நாள்தோறும் ஒரு முறையேனும், இயன்றால் இரவில் படுக்குமுன், காலைச் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவ வேண்டும். வெந்நீர் வேண்டுவதில்லை. விரலிடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் மென்மையாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் மெல்லிய உலர்ந்த துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். அழுத்தித் துடைத்தல் கூடாது. சேற்றுப்புண் இருப்பின் அதற்குரிய களிம்பைத் தடவ வேண்டும். உட்காரும்போதும் உறங்கும்போதும் காலை உயர்த்தி வைத்தலும், கணுக்காலை மேலும் கீழும் அசைத்தலும், இறுக்காத செருப்பு அணிதலும் துணையாவன. காய்ச்சல் கண்ட நாட்களில் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் காலைக் குளிரச் செய்து, தாமதியாது மருத்துவரை நாடவேண்டும்.

இவற்றுள் பெரிதும் புறக்கணிக்கப்படுவது எது? கழுவுதல் அன்று. கேரளத்து வீடுகளின் திண்ணையில் கிண்டியில் நீர் வைத்து, கால் கழுவிய பின்னரே உட்புகும் வழக்கம் பழமையானது. நம் தமிழ் வீடுகளிலும் வெளியே சென்று வந்தவர் கால் நனைக்காமல் உள்ளே வருவதை மூத்தோர் பொறுப்பதில்லை. மட்டாஞ்சேரிப் பள்ளிவாசல்களுக்குத் தொழச் செல்வோர் நாளில் ஐந்து வேளையும் கால் கழுவுகின்றனர். கழுவும் பழக்கத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய மக்கள் அல்லர் இவர்கள். குறையாக நிற்பது ஈரத்தை எடுத்தல். ஈரக் காலுடன் உள்ளே நடந்து, விரலிடுக்கில் தங்கிய நீரை அப்படியே விட்டுவிடுவதே வழக்கம். பூஞ்சைக் கிருமி வளர்வதற்கு அந்த இடுக்கு போதுமானது. ஆதலின், ‘காலைக் கழுவுங்கள்’ என வீடு வீடாகச் சென்று உபதேசிப்பவர், மக்கள் முன்பே செய்துவரும் பாதியைத் திரும்பக் கூறுகிறார். மறுபாதி ஒரு முழத் துணியில் இருக்கிறது.

கால்வத்திக் கால்வாயும் ராமேசுவரம் கால்வாயும் ஓடும் இத்தாழ்ந்த நிலப்பகுதியில் இக்கருத்துக்கு மேலும் பொருள் உண்டு. கடல் ஏற்றத்தின்போது கால்வாய் நீர் உயர்கிறது. இடவப்பாதி மழையில் சந்துகளில் நீர் தேங்குகிறது. சலவைத் தொழிலாளர், மீன் தொழிலாளர், கிடங்குகளில் மூட்டை சுமப்போர் ஆகியோரின் கால்கள் நாளின் பெரும்பகுதி நனைந்தே இருக்கின்றன. அண்டையிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னுமிடத்தில் தலைமுறைகளாகத் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் வாழ்ந்து வருவதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்கலாம். அத்தொழிலில் காலை நனைக்காதே என்பது தொழிலை விட்டுவிடு என்பதற்கு ஒப்பாகும். வேலை முடிந்தபின் காலை உலர்த்து என்பது செய்யக்கூடிய அறிவுரை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். நல்ல நீருக்கே தவிக்கும் குடும்பத்தினரிடம் தினந்தோறும் சோப்பிட்டுக் கழுவுமாறு சொல்வது தகுமா? ஆட்சேபம் நியாயமானது. நாற்புறமும் நீர் சூழ்ந்த மேற்குக் கொச்சியில் குடிக்கத்தக்க நீருக்குத் தட்டுப்பாடு நேர்வது புதிதன்று. படகில் நீர் வந்த காலத்திலிருந்தே அது தொடர்ந்து வரும் துன்பம். நோயாளியின் பழக்கத்தைக் குறைகூறுமுன் அவர் வீட்டுக் குழாயில் நீர் வருகிறதா என்று பார்க்கும் ஊழியரே தம் கடமையை முழுமையாகச் செய்தவர். பழக்கம் என்பது தனி மனிதனின் ஒழுக்கத்தால் மட்டும் அமைவதன்று. நகரசபையின் குழாயும் அதில் ஒரு பங்கு வகிக்கிறது.

மற்றோர் ஆட்சேபமும் உண்டு. புழுவை ஒழித்துவிட்டால் நோயே ஒழிந்துவிடும். பின் கால் கழுவும் பேச்சு எதற்கு என்பர். தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கியது. 2004 முதல் ஆண்டுக்கொரு முறை நாடெங்கும் நோயுள்ள மாவட்டங்களில் மாத்திரை வழங்கப்பட்டு வந்துள்ளது. 2027க்குள் ஒழிப்பது இந்திய அரசின் இலக்கு. இம்முயற்சியின் சிறப்பில் ஐயமில்லை. மாத்திரை புதிய நோயாளிகள் தோன்றுவதைத் தடுக்கிறது. முன்பே வீங்கிய காலை அது பழைய நிலைக்குக் கொணர்வதில்லை. கடைசிப் புழு மடிந்த பின்னரும் அக்காலுடன் வாழ வேண்டியவர்கள் பல்லாண்டுகள் இருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வகுத்த திட்டமும் பரவலைத் தடுத்தல், நோயுற்றோரைப் பராமரித்தல் என இரு கால்களில் நிற்பதாகும். நடைமுறையில் முதற்காலே நன்கு நடக்கிறது. காரணம் எளிது: வழங்கிய மாத்திரையை எண்ணலாம். பேரேட்டில் எழுதலாம். மேலதிகாரிக்கு அனுப்பலாம். ஒரு மூதாட்டி இரவில் தன் விரலிடுக்கைத் துடைத்தாளா என்பதற்குப் பேரேட்டில் கட்டம் இல்லை. நோயாளிகளுக்குத் தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு ஆகியவை அடங்கிய பொருட்கள் வழங்கப்படுவதுண்டு. வழங்கிய எண்ணிக்கையும் எழுதப்படுகிறது. பயன்படுத்தக் கற்பிக்காத தொட்டி, ஒழுகும் கூரையின் கீழ் மழைநீர் பிடிக்கும் பாத்திரமாகிவிட்டால் அதற்கு நோயாளியைக் குறைகூறுதல் முறையாகாது.

எண்ணத்தக்கது ஒன்று வேண்டுமெனில் அது இல்லாமலும் இல்லை. சென்ற மூன்று மாதங்களில் எத்தனை முறை குளிர்காய்ச்சல் வந்தது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்னும் இரண்டு கேள்விகள் போதும். இவ்வெண்ணிக்கை குறைந்தால் பராமரிப்பு நடைபெறுகிறது என்று அறியலாம். நோயாளிக்கும் தம் முயற்சியின் பயன் கண்ணுக்குப் புலனாகும். வீக்கத்தை மட்டும் நாள்தோறும் அளந்து பார்ப்பவர் ஒரு மாதத்தில் மனம் தளர்ந்துவிடுவார்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கால் வீங்குவது பெரும்பாலும் வளர்ந்த பின்னரே எனினும், தொற்று இளமையிலேயே நேரக்கூடும். புற அறிகுறி ஏதுமில்லாத சிறுவரிடத்தும் நிணநீர்க் குழாய்கள் பழுதுற்றிருப்பதையும், உரிய காலத்தில் மருந்தளித்தால் அப்பழுது சீர்படக் கூடியது என்பதையும் ஆலப்புழை ஆய்வாளர்களே பின்னர் எடுத்துக் காட்டினர். ஆகவே மாத்திரை நாளன்று பிள்ளைகள் விழுங்கினரா என்று பார்ப்பது வெறும் அலுவல் அன்று. மேலும், பாட்டியின் காலைக் கண்டு கூசும் பிள்ளைக்கு, அது ஒட்டும் நோயன்று, தொட்டால் வருவதன்று, கழுவிவிடவும் துடைத்துவிடவும் உதவலாம் எனக் கூறக்கூடியவர் அவ்வீட்டார் மதிக்கும் ஆசிரியரே.

இப்பழக்கத்தின் பயன் இந்நோயாளிகளோடு நிற்பதுமன்று. நீரிழிவு மிகுந்த மாநிலம் கேரளம். உணர்ச்சி குன்றிய நீரிழிவுக் காலுக்கும், தொழுநோயால் மரத்த காலுக்கும் நாள்தோறும் பார்த்தல், கழுவுதல், உலர்த்துதல் என்னும் இதே முறைதான் புண்ணையும், சிலவேளை காலை இழப்பதையும் தடுக்கிறது. மூன்று நோய்களுக்கு மூன்று ஊழியர்கள் மூன்று வேளை வந்து ஒரே செய்தியைக் கூறுவதைவிட, ஒருவரே திண்ணையில் அமர்ந்து ஒருமுறை செய்து காட்டுவது மேல்.

அண்டை நாடாகிய இலங்கையில் யானைக்கால் நோய் எதிர்ப்பு இயக்கம் 1947இல் தொடங்கியது. அந்நாடு இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து அகற்றிவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. சான்று கிடைத்த பின்னும் அங்கே கால் வீங்கியோருக்கான சிகிச்சை நிலையங்கள் மூடப்படவில்லை. மட்டாஞ்சேரியில் அடுத்த இடவப்பாதிக்கு முன் வீடு வீடாகச் செல்லவிருக்கும் ஊழியர், மாத்திரைப் பட்டியலுடன் பழைய நோயாளிகளின் பட்டியலையும் கையில் எடுத்துச் செல்லலாம். வீட்டில் கேட்க வேண்டிய முதற் கேள்வி, காலைத் துடைக்கும் துணி எங்கே காய்கிறது என்பதாக இருக்கட்டும்.