சேர்க்கவும், கிளறவும், இறக்கவும்

கொல்கத்தா சுவர்களில் 'பிக்யாபோன் மாரிபேன் நா' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. போஸ்டர் ஒட்டாதீர்கள் என்று அர்த்தம். ஆனா வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'விளம்பரம் ஒட்டமாட்டீர்கள்'. என்ன ஒரு நம்பிக்கை! (அதுக்கு மேலேயே நாலு போஸ்டர் இருக்கும், அது வேற விஷயம்.) பேச்சில் 'மார்பேன்'தான். 'மாரிபேன்' பழைய சாது பாஷை. சுவரில் மட்டும் இன்னும் உசிரோட இருக்கு.

துயி, துமி, ஆப்னி என்று மூணு வைத்திருக்கும் வங்காளி, சுவரில் எழுதும்போதும் ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். இத்தாலிக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. கதவில் 'ஸ்பின்ஜெரே', அதாவது வெறுமனே 'தள்ள'. இன்னொண்ணில் 'திராரே', 'இழுக்க'. சமையல் குறிப்பும் பெரும்பாலும் இப்படித்தான். யாரைத் தள்ளச் சொல்றாங்க? யாரையும் இல்லை, எல்லாரையும்.

நம்மகிட்டயும் இதே சங்கதி இருக்கு. தள்ள + உம் = தள்ளவும். மறுக்கணும்னா 'தள்ள வேண்டாம்'. நீ, நீங்க என்ற பேச்சுக்கே இடமில்லை. மாமனாருக்கும் பொடியனுக்கும் ஒரே பலகை போதும்.

சிக்கல் என்னன்னா, இது வாயில் வராத தமிழ். பந்தியில் யாராவது 'சாம்பார் ஊற்றவும்' என்று கேட்டதுண்டா? ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸிலும், ரேஷன் கடையிலும், மருந்து பாட்டிலிலும் பார்த்தே பழகிடும். லேக் மார்க்கெட் பக்கம் வளரும் பிள்ளைக்கு அந்தப் பலகைகள் எங்கே? பாட்டி அனுப்பிய புளிக்காய்ச்சல் குறிப்பில் 'உப்பு சேர்க்கவும்' என்று படித்துவிட்டு என் பெண் கேட்டாள்: "சேர்க்கவும்... முடியுமா, முடியாதாப்பா?" அவளுக்கு வாக்கியம் பாதியில் நிற்குது!

அதனால் பிள்ளைகளுக்கு எழுதுறதை எல்லாம் 'சேருங்க', 'கிளறுங்க' என்று பேச்சுத் தமிழாக்கிடலாம்னு சில நண்பர்கள் சொல்றாங்க. எனக்கு உடன்பாடில்லை. பாட்டியின் கையெழுத்தை யார் மாற்றி எழுதுறது? செல்போனில்கூட 'சேமி', 'நீக்கு' எல்லாம் நாம மெஷினுக்குப் போடும் உத்தரவு. மெஷின் நம்மகிட்ட கேட்கும்போது 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்றுதானே வருது?

பலகை இல்லையென்றால் வீட்டிலேயே மாட்டிட வேண்டியதுதான். எங்க ஃப்ரிட்ஜில் இப்போ 'கதவைச் சரியாக மூடவும்'. அதுக்குக் கீழே தங்கமணி கையெழுத்தில் இன்னொரு வரி: 'எழுதியவரும் மூடவும்'.