கொட்டையை வாங்குங்கள், வீட்டில் வறுங்கள்



போன வாரம் என் மச்சினர் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். "மாமா, சுத்தமான ஃபில்டர் காப்பி" என்று டபராவை நீட்டினான். வாத்தியார் புத்தி போகுமா? பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் காப்பி 53, சிக்கரி 47 என்று போட்டிருந்தது. கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. கலவையில் நூற்றுக்கு 51 பங்கு காப்பி இருந்தால் போதும், அளவை உறையில் அச்சிட வேண்டும் என்பதுதான் நம் சட்டம். அவர்கள் அச்சிட்டுவிட்டார்கள். நாம்தான் படிப்பதில்லை. வினாத்தாளையே படிக்காமல் விடை எழுதினவர்கள்தானே நீங்கள்!

சிக்கரி எனக்கு எதிரி இல்லை. அது ஒரு செடியின் வேர். வறுத்துச் சேர்த்தால் டிகாக்‌ஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் வரும். பத்துப் பதினைந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பாதி வேரைக் குடித்துவிட்டு, "அந்தக் காலத்து மணம் இப்ப இல்லை சார்" என்று என்னிடமே வந்து புலம்பாதீர்கள்.

மணம் எங்கேயும் போகவில்லை. பச்சைக் கொட்டையை ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வறுத்தபின் சில வாரம். அரைத்துவிட்டால் சில நாள்தான். உங்கள் பொட்டலம் என்றைக்கு அரைத்தது என்று பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

"யாருக்கு சார் நேரம்?" பதினைந்தே நிமிஷம். அடி கனமான இரும்பு வாணலி, கால் கிலோ பச்சைக் கொட்டை, மிதமான தீ. கை ஓயாமல் கிளற வேண்டும். பச்சை மஞ்சளாகும், வைக்கோல் வாசனை வரும், பிறகு பழுப்பு. கொட்டைக்குள் இருக்கும் நீர் ஆவியாகி முட்ட, பட் பட் என்று வெடிக்கும். அதற்குமேல் ஒன்றிரண்டு நிமிஷம் நம் ஃபில்டருக்குப் போதும். எண்ணெய் மினுங்கும்வரை விட்டால் கரிதான். உடனே முறத்தில் கொட்டி விசிற வேண்டும், இல்லையென்றால் தன் சூட்டிலேயே மேலும் வறுபடும். தோலை ஊதிவிடுங்கள். கால் கிலோ 210 கிராம் சுமாருக்கு இறங்கும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஈரம்தான் போனது. ஒருநாள் விட்டு அரையுங்கள். வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேற அவகாசம் வேண்டும்.

முதல் தடவை நான் தீயைக் கூட்டிவிட்டேன். புகை கிளம்பி பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எங்க வீட்ல எல்லாம் அப்பவே வறுத்து அரைச்சதுதான்" என்று பெருமை பேசும் ஆண்கள். யார் வறுத்தது? உங்கள் அம்மா, பாட்டி. விடியற்காலையில் புகையில் நின்றவர்கள் அவர்கள். கை வலிக்க மெஷினைச் சுற்றியவர்களும் அவர்கள்தான். நான் மட்டும் யோக்கியனா? முப்பத்தைந்து வருஷம் என் மனைவி வறுத்ததை ருசித்துவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் கருகல்" என்று குற்றம் வேறு கண்டுபிடித்தேன். வாணலியை நான் கையில் எடுத்தது ஓய்வு பெற்ற பிறகுதான். ஆகவே இந்தப் பதிவைப் படித்துவிட்டு மனைவியிடம் கொட்டைப் பையை நீட்டும் ஆசாமி என் மாணவன் என்று வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

மச்சினர் மகன் வீட்டில் கால் கிலோ பீபெரி பச்சைக் கொட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். இன்றோடு நான்கு நாள், இன்னும் ஃபோன் வரவில்லை.